ஆழ்கடலின் கணவாய்கள்: கொங்கு நாட்டுப் பயணக் குறிப்புகள்

ஜூலை 14, திங்கள், பொள்ளாச்சி

கோயம்புத்தூரில் ரயிலை விட்டு இறங்கிப் பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறியது முதல் காற்று ஓயவே இல்லை. கிணத்துக்கடவைத் தாண்டியதும் முன் இருக்கையில் இருந்த பெரியவர் எழுந்து, சன்னல்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டு, "ஆடி பொறக்கறதுக்கு முன்னாலயே இந்தப் பாடுங்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வழியெங்கும் தென்னந்தோப்புகளில் மட்டைகள் கிழக்கு நோக்கி ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றன.

நான் பிறந்தது நாகப்பட்டினம். ஆழ்கடல் நீரோட்டங்களை அளப்பது தொழில். என்னோடு படித்து இந்தப் பக்கம் ஆசிரியையாக இருக்கும் தோழி, கொங்கு நாட்டுப் பள்ளிகளிலும் ஊர்க் கூட்டங்களிலும் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடற்கரைக்கே போயிராத பிள்ளைகளுக்கு நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் நடக்கும் ஒன்றை எந்த இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது என்று வழிநெடுக யோசித்தபடியே வந்தேன்.

பள்ளியில் பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. கொண்டுவந்த படங்கள் எதையும் காட்ட வழியில்லாமல், கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் பூமியை வரைந்து, துருவத்துக்கு அருகே குளிர்ந்து கனத்த நீர் கீழே இறங்குகிறது, அது கடலடித் தரையை ஒட்டியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்து வெப்பநாடுகளின் அடியில் வந்து சேர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். 1751-இல் ஹென்றி எல்லிஸ் என்ற கப்பல் தலைவர் அட்லாண்டிக்கின் வெப்பப் பகுதியில் வாளி ஒன்றை ஆழத்துக்கு இறக்கி எடுத்தபோது, மேலே வெதுவெதுப்பாக இருந்த கடலின் அடியில் குளிர்ந்த நீர் இருப்பதைக் கண்டார். அந்தக் குளிர்ச்சி துருவத்திலிருந்து அடி வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்று அந்த நூற்றாண்டின் இறுதியில் அறிவியலாளர் ரம்ஃபோர்டு பிரபு எழுதினார். நானும் அதைக் கையால் தொட்டு அறிந்திருக்கிறேன். நிலநடுக்கோட்டருகே, கப்பலின் இரும்புத் தளம் செருப்பையும் மீறிச் சுடும் வெயிலில், நாலாயிரம் மீட்டரிலிருந்து மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்ட குப்பியின் திருகைத் திறந்தால், வந்து விழும் நீரில் சற்று நேரம் பிடித்த விரல்கள் மரத்துப்போகும்.

இதுவரை கேட்டுக்கொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "கடலுக்கடியிலயும் மலை இருக்குதுன்னா அந்தத் தண்ணி எப்படீங்க டீச்சர் தாண்டி வரும்? காத்து வர்றதுக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கற மாதிரி அங்கயும் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பட்டப்படிப்பு மாணவர்களுக்கு முதல் வகுப்புகளில் நான் சொல்லிப் புரியவைக்கப் பாடுபடும் விஷயம் அவள் கேள்விக்குள்ளேயே இருந்தது.

வடக்கே 2,637 மீட்டர் தொட்டபெட்டாவும் தெற்கே 2,695 மீட்டர் ஆனைமுடியும் நிற்கின்ற மேற்குத் தொடர்ச்சி மலையில், சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மட்டும் தரை தாழ்ந்து கிடப்பதால்தான் தென்மேற்குப் பருவக்காற்று இத்தனை வேகத்தோடு பொள்ளாச்சிக்குள் நுழைகிறது. கடலடியிலும் இப்படியே. தென் பசிபிக்கில் சமோவா தீவுகளுக்கு வடக்கே, ஐந்து கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 40 கிலோமீட்டர் அகலத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அண்டார்க்டிக்காவின் ஓரத்திலிருந்து புறப்பட்டு வட பசிபிக்குக்குப் போகும் அடிநீரில் பெரும்பகுதி அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போகிறது. விநாடிக்கு அறுபது லட்சம் கனமீட்டர். அங்கே கருவிகளை இறக்கி அளந்த ஆய்வாளர்கள், சுற்றியுள்ள அமைதியான நீரைவிட ஆயிரம் முதல் பத்தாயிரம் மடங்கு கொந்தளிப்பு அந்த இடுக்கில் இருப்பதாக 2013-இல் எழுதினார்கள். அட்லாண்டிக்கில் தென் அமெரிக்காவுக்கு அப்பால் வேமா கால்வாயும், நிலநடுக்கோட்டருகே நடு மலைத்தொடரை வெட்டிச் செல்லும் ரோமான்ஷ் பிளவும் அதே வேலையைச் செய்கின்றன.

நம் இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே ஆசியா அடைத்து நிற்பதால் அடிநீர் தெற்கிலிருந்து மட்டுமே வர முடியும். அது தென்மேற்கு இந்திய மலைத்தொடரின் பிளவுகளில் நுழைந்து, மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறி, அமிரான்ட் கணவாய் வழியாகச் சோமாலியாவுக்கு அப்பாலுள்ள பள்ளத்தில் இறங்கி, பின்பே அரபிக்கடலை நெருங்குகிறது. வங்கக்கடலின் அடிநீரோ, தொண்ணூறு பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி ஐயாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் மலைத்தொடரின் தாழ்ந்த இடங்களைத் தேடித் தாண்டி வருகிறது. இவற்றை வரைந்து முடிப்பதற்குள் பலகையில் இடம் போதவில்லை. அந்தப் பெண்ணே வந்து பூமியின் மேல்பாதியை அழித்துக் கொடுத்தாள்.

இரவு தோழியின் வீட்டில் சந்தகையும் தேங்காய்ப்பாலும். அவளுடைய மாமியார் மரச்சந்தகைப் பலகையைக் கூடத்தில் போட்டு, பேரனை ஏறி உட்காரச் சொல்லிப் பிழிந்தார். "பத்தாதுங், இன்னொரு நடை வெச்சுக்குங்" என்று இலையை மூடவிடாமல் பரிமாறிய உபசாரத்துக்குப் பிறகு, கதவைத் தட்டிக்கொண்டிருந்த காற்றுச் சத்தத்திலும் நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 15, செவ்வாய், பூளவாடிப் பக்கம்

உடுமலையிலிருந்து கிளம்பிய பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. பின் சக்கரத்தைக் கழற்றி மாட்ட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மேகம் தலைக்கு மேல் வேகமாக ஓடியதே தவிர மழை இறங்கவில்லை. முகத்தில் அவ்வப்போது நாலு துளி சாரல், அவ்வளவுதான். மலையின் அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மேகத்தின் மிச்சத்தைத்தான் இந்த மானாவாரி பூமி பார்க்கிறது. வெயிலுக்கென்று விரித்த என் குடை ஒரே வீச்சில் மடங்கிக் கம்பி உடைந்தது. புளியமரத்தடியில் கம்பங்கூழ் விற்றுக்கொண்டிருந்த அம்மாள், வாடிக்கையாளர்களுக்காக வைத்திருந்த ஒரே நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டார். ஒரு சொம்பு 30 ரூபாய்; மோர்மிளகாயும் சின்ன வெங்காயமும் கேட்கக் கேட்க வைத்தார், அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

நாங்கள் போன தோட்டத்தின் உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். அவர் நிலத்தின் ஓரத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. "முன்னால நிக்கிற காத்தாடி, பின்னால நிக்கிறதுக்குக் காத்த ஒடைச்சுத்தானுங் விடும். பாருங், அது எப்பிடித் தடுமாறுது" என்று கைநீட்டிக் காட்டினார். தடையைத் தாண்டிய காற்று சுழித்துக் கலைகிறது என்பதை இவர் எந்த ஏட்டிலும் படித்ததில்லை, நாள்தோறும் கண்ணால் பார்க்கிறார். அந்த வரப்பிலேயே உட்கார்ந்து அவரிடம் அட்லாண்டிக் பற்றிப் பேசினேன்.

பூமி சுழல்வதால் அடிநீர் கடல்படுகை முழுவதும் பரவி நகராமல், ஒவ்வொரு பெருங்கடலின் மேற்குச் சுவரையும் ஒட்டி ஒடுங்கிய ஓட்டமாகச் செல்ல வேண்டும் என்று அமெரிக்கக் கடலியலாளர் ஹென்றி ஸ்டொம்மெல் 1950-களில் கணக்குப்போட்டுச் சொன்னார். அப்போது அதை யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. ஜான் ஸ்வாலோ என்ற ஆங்கிலேயர், குறிப்பிட்ட ஆழத்தில் மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் மிதந்தபடி ஒலி எழுப்பும் அலுமினியக் குழாய் மிதவைகளைச் செய்திருந்தார். 1957-இல் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் அவற்றை இறக்கிப் பின்தொடர்ந்தபோது, மேலே வடக்கு நோக்கி ஓடும் வளைகுடா நீரோட்டத்துக்கு அடியில் அவை தெற்கு நோக்கிப் போயின. ஏட்டில் எழுதிய கணக்கைக் கடல் அப்படியே ஒப்புக்கொண்ட தருணங்கள் எங்கள் துறையில் அதிகமில்லை. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

தோட்டக்காரர் காட்டிய காற்றாலைக்கு நேரான செய்தி தென் அட்லாண்டிக்கின் பிரேசில் படுகையில் கிடைத்தது. அந்தப் படுகையின் மேற்குப்பகுதி வண்டல் படிந்து வழவழப்பானது. கிழக்கே நடு மலைத்தொடரின் சரிவு மேடும் பள்ளமுமாகக் கரடுமுரடானது. 1996-இல் அங்கே நாலாயிரம் மீட்டர் ஆழத்தில் தீங்கற்ற வேதிப்பொருள் ஒன்றைக் கரைத்துவிட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று பின்னர் தேடி அளந்தார்கள். கப்பல்கள் கொந்தளிப்பையும் நேராக அளந்தன. சமதரைக்கு மேல் நீர் கலப்பது மிகச் சொற்பமாக இருந்தது. கரட்டுத் தரைக்கு மேலோ அது பத்து மடங்கும் அதற்கு மேலும் இருந்தது. ஆழ்கடல் எங்கும் ஒரே சீராகக் கலக்கிறது என்று அதுவரை போட்ட கணக்குகளில் தரை என்ற ஒன்றுக்கு இடமே இருந்ததில்லை. தரைதான் கலக்குகிறது என்பது அன்று கண்கூடாயிற்று.

"அப்பிடின்னா பூமியோட அமைப்புத்தானுங் எல்லாத்துக்கும் மொதலு" என்றார் அவர். இளநீர் வெட்டிக் கொடுத்தார். பொள்ளாச்சிச் சாலையில் 40 ரூபாய் கொடுத்துக் குடித்ததைவிடப் பெரிய காய். காசு என்று வாயெடுத்ததற்கு முகம் சுளித்தார்.

ஜூலை 16, புதன், கோபி – கொடிவேரி

தாராபுரம், ஈரோடு என்று சுற்றி வந்ததில் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்தது. கோபியில் இறங்கியவுடன் கண்ட பசுமை அந்த அலுப்பில் பாதியைப் போக்கியது. நேற்றைய செம்மண் வறட்சிக்கும் இந்த நெல்வயல்களுக்கும் நடுவே இருப்பது பவானி ஆறு மட்டுமே. காலையில் அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் விட்டுத் தந்த சிறிய உணவகத்தில் தட்டு 50 ரூபாய், தேநீர் 12.

கொடிவேரி அணையில் கூட்டம் அவ்வளவாக இல்லை. பதினைந்தடி உயரம் இருக்கக்கூடிய அந்தக் கல்லணையின் முகட்டில் வந்து மெல்ல வளையும் நீர் கண்ணாடித் தகடாக மெலிந்து, வேகம் கொண்டு, அடியில் விழுந்த இடத்தில் திடீரென்று தடித்து வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. அந்த மூன்று நிலைகளையும் ஒரே பார்வையில் பார்க்கக் கிடைக்கும் இடம் இது. பாறையில் கால்வைத்தபோது ஒரு செருப்பு கழன்று நுரைக்குள் போய்விட்டது. மீன் பொரிக்கும் கடையில் வேலை செய்யும் பையன் இறங்கித் துழாவிப் பார்த்துவிட்டு, "போனது போனதுதானுங்க்கா" என்று வருத்தத்தோடு சொல்லி, தன் ரப்பர் செருப்பைக் கழற்றித் தந்தான். வேண்டாமென்று மறுத்து, கடைவீதியில் 130 ரூபாய்க்கு ஒரு சோடி வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கடையின் பலகையில் பொரித்த கெண்டை மீனோடு (தட்டு 120 ரூபாய், மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த மசாலா எலும்புவரை ஏறியிருந்தது) நாளிதழ் படித்துக்கொண்டிருந்த முதியவர், என்ன வேலையாக வந்தேன் என்று விசாரித்தார். கடலுக்கடியிலும் இதுபோன்ற அணையும் அருவியும் உண்டு என்றேன். கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில் டென்மார்க் நீரிணை இருக்கிறது. அதன் குறுக்கே அறுநூறு மீட்டர் சொச்சம் ஆழத்தில் ஒரு மேடு அணையாகக் கிடக்கிறது. வடக்கே தேங்கிய கனத்த குளிர்நீர் அந்த மேட்டின் தலையைத் தாண்டித் தெற்குச் சரிவில் இறங்குகிறது. இறக்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். செங்குத்தாக விழாமல் நெடுந்தூரச் சரிவில் இறங்கினாலும், பூமியில் இதைவிடப் பெரிய அருவி கிடையாது.

அவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "எத்தனை கன அடிங் வரும்?" என்று கேட்டார்.

கடல் ஆய்வில் விநாடிக்குப் பத்து லட்சம் கனமீட்டரை ஒரு ஸ்வெர்டுரப் என்போம். அந்தக் கணக்கில் மூன்று என்று சொல்லிப் பழகிய எனக்கு, அதைக் கன அடியாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே இல்லை. கடைக்காரரின் பேனாவை வாங்கி நாளிதழின் ஓரத்தில் பெருக்கினோம். பத்துக் கோடியே அறுபது லட்சம் கன அடி வந்தது. மேட்டூரிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சம் கன அடி திறந்தால் கரையோர ஊர்களுக்கெல்லாம் வெள்ள எச்சரிக்கை போகும். கடலடி அருவி அதைப்போல் ஆயிரம் மடங்குக்கு மேல். உலகத்தின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவதே நாலேகால் கோடி கன அடிதான். அணைகளின் நீர்மட்டத்தை நாள்தோறும் நாளிதழில் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த எண் தைத்தது. "அதைய யாருங் அளந்தாங்க? அணையில ஸ்கேல் நட்டிருக்காங்களா?" என்று கேட்டார்.

கேள்வி மிகச் சரியானது. கொடிவேரியில் முகட்டுக்கு மேல் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதை வைத்து எத்தனை கன அடி போகிறது என்று சொல்லிவிடுவார்கள். கடலடி மேட்டிலும் மேல்பக்கம் கனத்த நீர் எவ்வளவு உயரம் தேங்கியிருக்கிறது, இரண்டு பக்க நீருக்கும் எடை வேறுபாடு எவ்வளவு என்பவை தெரிந்தால், பூமியின் சுழற்சியையும் சேர்த்துக்கொண்டு, தாண்டிப் போகக்கூடிய நீரின் அளவைக் கணக்கிடலாம் என்று வைட்ஹெட் என்ற ஆய்வாளரும் உடன் இருவரும் 1974-இல் காட்டினார்கள். பிற்காலத்தில் மிதவைக்கயிற்றில் கட்டிய ஓட்டமானிகளை அடியில் நங்கூரமிட்டு ஆண்டுக்கணக்கில் அளந்து வருகிறார்கள்.

அணையடியில் பொங்கும் நுரைக்கும் கடலில் வேலை உண்டு. சரிவில் விரைந்து இறங்கும் நீர் தன்னைச் சூழ்ந்த வெதுவெதுப்பான நீரையும் இழுத்துக் கலந்துகொண்டே போகிறது. கிரீன்லாந்தின் தென்முனையைச் சுற்றி வரும்போது மூன்று ஸ்வெர்டுரப் ஏறக்குறைய ஆறு ஸ்வெர்டுரப்பாகிவிடுகிறது. அட்லாண்டிக்கின் ஆழத்தை நிரப்பும் நீர் எவ்வளவு குளிர்ந்தது, எவ்வளவு உவர்ப்பானது என்பதை அது பிறந்த இடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. தாண்டிய மேட்டின் உயரமும் இறங்கிய சரிவின் கரடும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

ஜூலை 17, வியாழன், பவானி

ஆடி முதல் நாள். பவானியில் தெருவுக்குத் தெரு தேங்காய் சுடுகிறார்கள். நான் தங்கிய வீட்டுக்காரர்கள் சமுக்காள நெசவாளர்கள். தறியை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து, நார் எடுத்த தேங்காயைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். ஒரு கண்ணைத் திறந்து, நீரில் கொஞ்சம் வடித்துவிட்டு, பொட்டுக்கடலை, வெல்லம், அவல், எள், பாசிப்பருப்பு எல்லாவற்றையும் ஈர்க்குச்சியால் குத்திக் குத்தி உள்ளே அனுப்பினார்கள். அழிஞ்சில் குச்சியின் நுனியைச் சீவிக் கண்ணில் செருகி, மேலே மஞ்சள் பூசி, நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுட, ஓடு கருகி வெடித்து விரிசல் விட்டதும் பிள்ளையாருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார்கள். உள்ளே வெந்த பூரணம் தேங்காய்ப் பருப்போடு ஒட்டிக்கொண்டு, வெல்லப்பாகும் புகைவாசமுமாக இருந்தது. எனக்கென்று தனியாக ஒன்று சுட்டார்கள்.

மாலையில் கூடுதுறைக்குப் போனோம். அன்று காவிரி கலங்கலாகவும் பவானி சற்றுத் தெளிந்தும் வந்தன. சேர்ந்த பிறகும் நெடுந்தூரம் ஒன்றையொன்று ஒட்டியே தனித்தனியாக ஓடின. பாறை தலைகாட்டிய ஓரிடத்தில் மட்டும் சுழித்து நிறம் கலந்தன. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வீட்டுக்கார அம்மாள், "துருவத்துல எறங்கற தண்ணி எறங்கிக்கிட்டே இருந்தா, அடியில எடம் வேணுமில்லீங்? அது எப்பிடி மேல வருது?" என்றார்.

எங்கள் துறையின் மிகக் கடினமான கேள்வி அதுதான். அரை நூற்றாண்டுக்கு மேல் அதற்கு நேரான விடை கிடைக்கவில்லை. கனத்த நீர் தானாக மேலே வராது. மேலிருந்து வெப்பம் கலந்து அதை இலேசாக்க வேண்டும். கலக்குவதற்கு யாராவது வேலை செய்ய வேண்டும். 1966-இல் கடலியலாளர் வால்டர் மங்க், பசிபிக்கின் ஆழத்தில் நீர் நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் மேலே ஏறுகிறது என்றும், அதற்கு எவ்வளவு கலப்பு தேவை என்றும் கணக்கிட்டார். பின்னாளில் திறந்த கடலின் நடுவே அளந்தபோது அதில் பத்தில் ஒரு பங்குதான் கிடைத்தது. மீதிக் கலப்பு எங்கே நடக்கிறது என்ற தேடலில்தான் கரட்டுத் தரை அகப்பட்டது.

வேலை செய்வது பெரும்பாலும் நிலா. நிலாவின் ஈர்ப்பால் ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஏறி இறங்கும்போது கடல் முழுவதும் அடிவரை முன்னும் பின்னும் அசைகிறது. கடலடி முகடுகளின் மேல் அந்த அசைவு மோதும்போது நீரின் உள்ளேயே, மேல்மட்டத்தில் தெரியாத, நூறு மீட்டரையும் தாண்டும் உயரமுள்ள உள்ளலைகள் எழும்பி உடைகின்றன. ஓதத்தின் ஆற்றலில் ஏறத்தாழ பத்து லட்சம் மெகாவாட் இப்படி ஆழ்கடலில் செலவாகிறது என்று எக்பர்ட், ரே இருவரும் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு 2000-ஆம் ஆண்டில் காட்டினார்கள். நேற்று முன்தினம் பார்த்தவை உட்படத் தமிழ்நாட்டின் எல்லாக் காற்றாலைகளின் நிறுவுதிறனும் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டும், அவ்வளவுதான்.

பின்பு ஒரு சிக்கல் முளைத்தது. தரையை நெருங்க நெருங்கக் கலப்பு அதிகம் என்றால், தரைக்குச் சற்று மேலே உள்ள நீர் இலேசாவதற்குப் பதில் கனத்து இறங்கவே செய்யும். ஏறுவது தரையை ஒட்டிய மெல்லிய படலத்தில், அதுவும் சரிவுகளில் மட்டுமே நடக்க முடியும் என்று கடந்த பத்தாண்டுகளில் கணக்குகள் சொல்லின. பலர் நம்பத் தயங்கினார்கள். அயர்லாந்துக்கு மேற்கே ராக்கால் பள்ளத்தில் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கின் தரையருகே 2021-இல் ஒளிரும் சாயத்தைக் கரைத்துவிட்டு, அது போன வழியைத் தொடர்ந்தார்கள். சாயம் சரிவை ஒட்டி நாளுக்குச் சுமார் நூறு மீட்டர் வீதம் மேலே ஏறியது. முடிவு 2024-இல் வெளியானது. நாளுக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது கடல் முழுவதற்குமான சராசரி. உண்மையில் ஏற்றம் நடப்பது மலைச்சரிவுகளின் ஓரத்தில், பத்தாயிரம் மடங்கு வேகத்தில். தரை கீழே அனுப்பும் வாசலாக மட்டும் இல்லை, மேலே ஏற்றும் படியாகவும் இருக்கிறது என்று அந்த அம்மாளுக்குச் சொல்ல முடிந்தது எனக்கு நிறைவாக இருந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்விக்கு நான் இவ்வளவு உறுதியோடு விடை சொல்லியிருக்க முடியாது.

ஜூலை 18, வெள்ளி, காலிங்கராயன் வாய்க்கால் – கொடுமுடி

வெயில் இன்றுதான் உறைத்தது. வாய்க்கால் கரை வழியாக இரண்டு சக்கர வண்டியில் பாசனச் சபைக்காரர் ஒருவர் அழைத்துப் போனார். மஞ்சள், கரும்பு, வாழை, மீண்டும் மஞ்சள். 1283-இல் வெட்டி முடித்ததாகச் சொல்லப்படும் இந்த வாய்க்கால், பவானி அணைக்கட்டிலிருந்து கொடுமுடி அருகே வரை சுமார் 90 கிலோமீட்டர், கோணல்மாணலாக வளைந்து வளைந்து போகிறது. பாம்பு போன தடத்தில் வெட்டியதாக ஊரில் ஒரு கதை உண்டு. "கதை கெடக்குட்டுங். மேட்டுலயும் ஏறக் கூடாது, பள்ளத்துலயும் விழக் கூடாது, மட்டம் புடிச்சே போகோணும். அதுக்குத்தானுங் இத்தனை வளைவு" என்றார் அவர், வண்டியை நிறுத்தி ஒரு வளைவைக் காட்டி.

ஆழ்கடலின் ஓட்டமும் மட்டம் பிடித்தே போகிறது, ஆனால் வேறு காரணத்தால். சுழலும் பூமியின் மேல் நீர், அடியிலிருந்து மேல்வரை ஒரே தூணாகச் சேர்ந்து நகர முயல்கிறது. ஆழம் குறைந்த இடத்துக்கு ஏறினால் அந்தத் தூண் குறுக வேண்டும். குறுகினால் அதன் சுழற்சி மாற வேண்டும். அதனால் ஒரே ஆழமுள்ள கோட்டைப் பற்றிக்கொண்டு மேட்டைச் சுற்றிப் போவதே அதற்கு எளிது. ஆங்கிலேய இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1923-இல் சுழலும் நீர்த்தொட்டியின் அடியில் ஒரு சிறு தடையை நகர்த்தினார். மேலே விட்ட சாயம், அங்கே எதுவும் இல்லாதபோதும், தடைக்கு நேர்மேலே ஒரு கண்காணாத் தூண் நிற்பதைச் சுற்றிச் செல்வதாக ஒதுங்கிப் போயிற்று.

அண்டார்க்டிக்காவைச் சுற்றி ஓடும் நீரோட்டத்தில் இதைப் பெரிய அளவில் காணலாம். தடுக்க நிலமே இல்லாத அந்தக் கடலில் அது நேராக ஓட வேண்டியது. டிரேக் நீரிணையைக் கடந்ததும் வடக்கே வளைகிறது. கெர்கெலன் மேட்டை ஒதுக்குகிறது. நியூசிலாந்துக்குத் தெற்கே காம்ப்பெல் மேட்டைச் சுற்றுகிறது. டிரேக் நீரிணையில் அளந்தபோது 173 ஸ்வெர்டுரப், கொடிவேரிக் கணக்கில் அறுநூற்றுப் பத்துக் கோடி கன அடி. ஓயாத மேற்குக் காற்று தள்ளிக்கொண்டேயிருக்கும் அந்த ஓட்டம் ஏன் எல்லையின்றி வேகம் கூடவில்லை என்றால், கடலடி மலைகள் அழுத்திப் பிடித்து நிறுத்துகின்றன என்று மங்க், பால்மேன் இருவரும் 1951-இலேயே சொன்னார்கள்.

மதியம் சபைக்காரரின் வீட்டில் கொள்ளுப்பருப்பும் பச்சைப்புளி ரசமும். அங்கே அவருடைய மகன், கல்லூரியில் பொறியியல் படிப்பவர், இதனால் நமக்கு என்ன என்று நேராகவே கேட்டார். பூமியில் மிகுந்துவரும் வெப்பத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கடல் வாங்கிக்கொள்கிறது. அதில் ஒரு பகுதியையும் நாம் வெளிவிட்ட கரியமில வாயுவின் ஒரு பகுதியையும் அடிநீர் ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. இந்த வாய்க்காலை வெட்டிய நாளில் அண்டார்க்டிக்காவில் அமிழ்ந்த நீரில் ஒரு பகுதி இன்னும் வட பசிபிக்கின் அடியில்தான் இருக்கிறது. அந்த அடிநீர் கடந்த சில பத்தாண்டுகளாகச் சூடேறி வருவதையும் அளவில் சுருங்கி வருவதையும் கப்பல் அளவீடுகள் காட்டிவிட்டன. எந்தக் கணவாயில் எவ்வளவு போகிறது, எந்தச் சரிவில் எவ்வளவு ஏறுகிறது என்பது தெரியாமல் அடுத்த நூற்றாண்டின் வெப்பத்தைக் கணக்கிட முடியாது.

"அந்த மட்டமெல்லாம் எடுத்து வெச்சிருக்கீங்களா?" என்றார் தந்தை.

கடலடித் தரையில் ஒலிக்கருவிகொண்டு சரியாக அளந்தது கால் பங்குக்குச் சற்று மேல்தான். மீதிக்குச் செயற்கைக்கோள்கள் கடல்மட்டத்தின் மேடுபள்ளத்தை வைத்து ஊகித்த வரைபடமே உள்ளது. சில கிலோமீட்டர் அகலமுள்ள இடுக்கு அதில் தெரியாது. 2017-இல் தொடங்கிய உலகளாவிய முயற்சி ஒன்று 2030-க்குள் முழுவதையும் அளந்துவிடத் திட்டமிட்டிருக்கிறது. இப்போதைய வேகம் போதாது என்றே நான் நினைக்கிறேன், இதைவிட முன்னால் செய்ய வேண்டிய கடல்வேலை எதுவும் இல்லை என்றும் நினைக்கிறேன். மட்டம் எடுக்காமல் வாய்க்கால் வெட்ட முடியுமா என்று அவர் கேட்டபோது, கணினி மாதிரிகளில் நாங்கள் செய்வதைச் சொன்னேன். கடலைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுவோம்; கட்டம் ஒன்று நூறு கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்டால் நாற்பது கிலோமீட்டர் சமோவா வாசல் அடைபட்டுப் போகும். வட பசிபிக்குக்கு அடிநீர் வராது. ஆகவே உலக வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, முக்கியமான கணவாய்களையும் மேடுகளையும் ஒவ்வொன்றாகத் தேடி, ஆய்வாளர்கள் தங்கள் கையாலேயே திறந்தும் தாழ்த்தியும் விடுவார்கள். தெரிந்த வாசலைத்தான் திறக்க முடியும். அளக்காத இடத்தில் வாசல் இருந்தால் மாதிரியில் அது சுவராகவே நிற்கும்.

இரவு ரயிலுக்கு முன்பு, காவிரி கிழக்கே திரும்பும் கொடுமுடிக் கரையில் சற்று நேரம் நடந்தோம். இந்தியப் பெருங்கடலின் தரை வரைபடம் ஒன்றை அனுப்பித் தருவதாகச் சொன்னேன். பாசனச் சபை அறையில் வாய்க்கால் வரைபடத்துக்குப் பக்கத்தில் ஆறடிக்கு நாலடி இடம் இருக்கிறது, மடிக்காமல் சுருட்டி அனுப்புங்கள் என்று முகவரியை எழுதிக் கொடுத்தார்.